மூன்று ஆலைகள், ஒரே மென்பொருள்: கழிவுக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்ப் பதிவேடுகள் குறித்துச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. முதல் கேள்வியில் பலருடைய ஐயங்கள் அடங்கியிருப்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: எங்கள் குடும்ப நிறுவனத்துக்கு மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உள்ளன. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கான பதிவேடுகளை ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் தம் போக்கில் எழுதி வருகிறார். மூன்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி விரும்புகிறார். விற்க வந்தவர்கள் காட்டிய வண்ண வரைபடங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது? — எம். ஐ., மேல்விஷாரம்

பதில்: நிறுவனம் ஒன்றாக இருக்கலாம், வாரியத்தின் கண்ணில் அவை மூன்று தொழிற்சாலைகள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழும் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழும் ஒவ்வொன்றுக்கும் தனி இசைவாணை, அதாவது இயங்க வாரியம் தரும் அனுமதி, உண்டு. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி பெற்ற அங்கீகாரமும் தனித்தனியே உண்டு. மேல்விஷாரமும் சிப்காட்டும் ராணிப்பேட்டை மாவட்டத்திலும், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆம்பூரில் இசைவாணைக்கு மேல் ஓடிய கழிவுநீரை மேல்விஷாரத்தில் மிச்சமான அளவைக் காட்டி ஈடுகட்ட முடியாது. ஆகவே மூன்றின் எண்களையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் திரை முதலாளியின் மேசைக்கு வேண்டுமானால் பயன்படும். அதை வைத்துக்கொண்டு வாரியத்துக்கு ஒரு படிவத்தையும் நிரப்ப இயலாது. மையப்படுத்துவது என்றால் எழுதும் முறையை ஒன்றாக்குவது, கணக்குகளை ஒன்றாக்குவதன்று. விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வோர் ஆலையின் இசைவாணை எண், அனுமதித்த அளவு, காலாவதி நாள் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, அன்றாட எண்ணை அந்தந்த அளவோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டுமா என்பதே.

அடுத்தது, எண்களை ஒன்றோடொன்று மோதவிடும் திறன். என் மதிப்பீட்டில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது இது ஒன்றுதான். பச்சைத் தோல் ஒரு டன்னுக்கு 28 கன மீட்டருக்கு மேல் கழிவுநீர் உண்டாகக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள வரம்பு. உங்கள் ஆலையில் ஒரு நாளில் 5 டன் தோல் டிரம்மில் ஏறியது என்றால், 140 கன மீட்டர், அதாவது 1,40,000 லிட்டர் வரை கழிவுநீர் எதிர்பார்க்கலாம். தோல் வரவுப் பதிவேடு 5 டன் என்றும் கழிவுநீர் அளவி 60 கன மீட்டர் என்றும் சொன்னால், இரண்டில் ஒன்றுக்கு விளக்கம் வேண்டும். சுண்ணாம்பு நீரையும் குரோம் நீரையும் மறுபடி பயன்படுத்தியிருக்கலாம், அளவி பழுதாகியிருக்கலாம், உங்களுக்குத் தெரியாத குழாய் ஒன்று இருக்கலாம். முதலாவது பெருமைக்குரியது, இரண்டாவது பழுது பார்க்க வேண்டியது, மூன்றாவது ஆலையையே மூட வைப்பது. வாரியப் பொறியாளர் கேட்கும் முன்பே மென்பொருள் அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். வெட் புளூ தோலை, அதாவது குரோமில் பதனிட்டு முடித்த ஈரத் தோலை, வாங்கி மேற்கொண்டு பதப்படுத்தும் ஆலைக்கு இந்த 28 என்ற அளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கே ஆலையின் சொந்தச் சராசரியையே அளவுகோலாக வைக்க வேண்டும். நீர் வரவில் ஆழ்துளைக் கிணற்று அளவியோடு நின்றுவிடாமல், கோடையில் வரும் டேங்கர் லாரித் தண்ணீரையும் சேர்த்தாக வேண்டும். பல ஆலைகளில் லாரித் தண்ணீர்க் கணக்கு, சுற்றுச்சூழல் பிரிவுக்கு வராமல் கணக்கரின் ரசீதுக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது.

கசடுக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு; ஆண்டு அறிக்கையில் மிகப் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து இறங்கும் கசடில் 70 விழுக்காடு ஈரம் இருப்பதாகக் கொள்வோம். 10 டன் கசடு இறங்கினால் அதில் திடப்பொருள் 3 டன், மீதி 7 டன் தண்ணீர். உலர்தளத்தில் சில வாரம் வெயிலில் கிடந்து ஈரம் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால், அதே 3 டன் திடப்பொருள் இப்போது 5 டன் எடையாக நிற்கும். உற்பத்திப் பதிவேட்டில் 10, லாரி எடைச் சீட்டில் 5. மிச்சம் 5 டன் எங்கே போயிற்று, ஏரிக்கரையிலா கொட்டினீர்கள் என்று கேட்டால், ஆவியாகிவிட்டது என்ற உண்மையான பதிலை நிறுவ உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. ஆகவே எடையோடு ஈரப்பதத்தையும் இரண்டு முறை, இறக்கும்போதும் ஏற்றும்போதும், பதிவு செய்ய இடம் தராத மென்பொருளை வாங்க வேண்டாம். ஈரத்தை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை: சிறிதளவு கசடை நிறுத்து, 105 டிகிரி வெப்ப அடுப்பில் எடை மேலும் குறையாத அளவுக்கு உலர்த்தி, மறுபடி நிறுத்தால் போதும்.

மூன்றாவது, பதிவு நடக்கும் இடம். மொய் நோட்டைப் பணம் கைமாறும் அந்த நொடியில் எழுதுகிறோம். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் உறவு கெடும். அளவி எண்ணையும் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் சுண்ணாம்பு டிரம்களுக்கு அருகில் நிற்கும் மேஸ்திரியின் கையில் ரப்பர் கையுறை, கையுறையில் சுண்ணாம்பு நீர், தகரக் கூரைக்குள் கைபேசிச் சிக்னலும் கிடைக்காது. அங்கே தொடுதிரையில் பதியச் சொன்னால், ஷிப்ட் முடிந்து வெளியே வந்து எட்டு மணி நேரத்து எண்களையும் ஒரே மூச்சில் பதிவார். எட்டும் அழகாக ஒரே மாதிரி இருக்கும். இணையம் இல்லாதபோதும் பதிவை ஏற்றுக்கொண்டு பிறகு அனுப்பும் வசதி, தமிழில் திரை, அளவியின் முகப்பைப் படம் எடுத்து இணைக்கும் வசதி ஆகிய மூன்றையும் ஆலைக்குள் வந்து, அந்த டிரம்மின் பக்கத்திலேயே காட்டச் சொல்லுங்கள். அலுவலக அறையில் நடக்கும் செய்முறை விளக்கத்தை நம்பிக் காசோலை எழுத வேண்டாம்.

பிழையாகப் பதிந்த எண்ணைத் திருத்தலாம்; ஆனால் பழைய எண் அழியாமல், யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது அதன் அருகிலேயே நிற்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் தரவு முழுவதையும் சாதாரண எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நினைவூட்டும் வேலை எளியது: அபாயகரமான கழிவுக்கான ஆண்டு அறிக்கையாகிய நான்காம் படிவம் ஜூன் 30க்குள், சுற்றுச்சூழல் அறிக்கையாகிய ஐந்தாம் படிவம் செப்டம்பர் 30க்குள், இசைவாணைப் புதுப்பிப்பு அதற்குரிய நாளுக்கு முன்பாக. இதை மட்டும் பெரிதாகச் சொல்லி விற்க வருபவரிடம், சுவரில் தொங்கும் நாட்காட்டி இந்த வேலையை இலவசமாகவே செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: கசடை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் கொட்டகையில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. மென்பொருளில் எந்த நாளைத் தொடக்கமாகப் போடுவது? உப்புக்கும் இதே விதிதானா? — ஒரு மேற்பார்வையாளர், வாணியம்பாடி

பதில்: 2016ஆம் ஆண்டு விதிகளின் எட்டாம் விதி, கழிவு உண்டாகும் இடத்தில் அதை 90 நாளுக்கு மேற்படாமல் வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆண்டுக்கு 10 டன் வரை உண்டாக்கும் சிறிய நிறுவனங்களுக்கும், வேறு சில நியாயமான காரணங்களுக்கும் வாரியம் இந்தக் காலத்தை நீட்டித்துத் தரலாம். தரலாம் என்பதைத் தானாகவே கிடைத்துவிடும் என்று படித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்து மூலமான ஆணை கையில் இல்லாத வரை 91ஆம் நாள் விதிமீறல்தான்.

கொட்டகையைக் குவியலாகப் பார்க்கும் வரை தொடக்க நாள் என்று ஒன்று கிடைக்காது. இன்றைய கசடை நேற்றையதன் மேல் கொட்டினால், அடியில் கிடப்பதன் வயதே முழுக் குவியலின் வயது என்று ஆய்வுக்கு வருபவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் மறுக்க முடியாது. கொட்டகையின் தரையை வண்ணக்கோடிட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் தொடக்க நாளும் கொண்ட பலகை வைத்து, அதே எண்ணை மென்பொருளிலும் பதிவது ஒன்றே வழி. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். முன்புறம் கிடப்பது எடுக்க வசதி என்று புதியதை ஏற்றிவிட்டால், பின்புறம் கிடப்பது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நினைவூட்டலை 60ஆம் நாளில் வரும்படி அமையுங்கள். கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்பக் கழிவின் மாதிரி ஆய்வு, முன்பதிவு, வண்டி ஏற்பாடு என்று நாள் பிடிக்கும்; 85ஆம் நாளில் அலறும் மென்பொருளால் பயன் இல்லை.

உப்புதான் உண்மையில் தீராத தலைவலி. கழிவுநீர்த் துளியும் வெளியேறாத முறையில் இயங்கும் நிலையங்களில், ஆர்.ஓ. வடிகட்டிகள் ஒதுக்கும் அடர்ந்த நீரை ஆவியாக்கிகளில் காய்ச்சிய பிறகு, சோடியம் குளோரைடும் சல்பேட்டும் வேறு அழுக்குகளும் சேர்ந்த கலப்பு உப்பு எஞ்சுகிறது. தோலைக் கெடாமல் காக்கத் தூவும் உப்பும் பதனிடும் முன் அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் வேலைக்குப் போடும் உப்பும்தான் சுற்றி வந்து இங்கே இப்படி நிற்கின்றன. வாங்குவோர் குறைவு, நீரில் கரைவதால் சாதாரண நிலநிரப்பில் போடவும் இயலாது. எனவே பல இடங்களில் மூட்டைகளில் அடுக்கப்பட்டு நிற்கிறது. இதற்கு மென்பொருள் எந்தத் தீர்வும் தராது. அது செய்யக்கூடியது, எவ்வளவு நிற்கிறது, எந்த நாளிலிருந்து நிற்கிறது, கூரை ஒழுகுகிறதா என்பதை மறைக்காமல் காட்டுவதும், நீட்டிப்புக் கேட்டு வாரியத்துக்கு எழுதும் கடிதத்துக்கு வலுவான ஆதாரமாக நிற்பதும்தான். உப்பைக் குறைக்கும் வழி ஆலையின் தொடக்கத்தில் இருக்கிறது: ஊறப்போடும் முன் தோலை உதறி, உதிரும் உப்பைத் தனியே எடுத்துவிடுவது. எடுத்த உப்பின் எடையையும் கணக்கில் ஏற்றினால், ஆவியாக்கியின் மின் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டு முதலாளியிடம் பேசலாம்.

கேள்வி: அலுவலகத்தில் மேனிபெஸ்ட் எழுதும் பொறுப்பு என்னுடையது. ஏழு வண்ணப் பிரதிகளையும் இனி வைத்திருக்க வேண்டுமா, அல்லது மென்பொருளில் ஏற்றிவிட்டால் போதுமா? — எஸ். கே., ராணிப்பேட்டை

பதில்: கழிவு வண்டியோடு போகும் மேனிபெஸ்ட் எனப்படும் பத்தாம் படிவத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பயணம் உண்டு. வெள்ளைப் பிரதியை நீங்கள் வாரியத்துக்கு அனுப்புகிறீர்கள். மஞ்சளை வண்டிக்காரரின் கையெழுத்தோடு நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள். மற்ற ஐந்தும் வண்டியோடு போகின்றன. பெற்றுக்கொண்டவர் இளஞ்சிவப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஆரஞ்சை வண்டிக்காரரிடம் கொடுத்து, பச்சையை வாரியத்துக்கு அனுப்பி, நீலத்தை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சாம்பல் நிறப் பிரதி, கழிவு வேறு மாநிலத்துக்குப் போகும்போது அனுப்பிய மாநிலத்தின் வாரியத்துக்கு உரியது.

இவற்றில் உங்களுக்கு உயிரானது நீலம். கழிவு உங்கள் வாசலைத் தாண்டியதை மஞ்சள் சொல்கிறது. சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததை நீலம்தான் சொல்கிறது. பல கோப்புகளில் மஞ்சள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். நீலத்தைத் தேடினால் பாதிக்கு இருக்காது. இடையில் லாரி எங்காவது ஒதுக்குப்புறத்தில் கவிழ்த்துக் கொட்டியிருந்தால், வண்டிக்காரரோடு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே மென்பொருளில் ஓர் அனுப்புகை முடிந்தது என்று காட்டும் பச்சை விளக்கு, வண்டி கிளம்பியவுடன் எரியக் கூடாது. நீலப் பிரதியின் படமும், பெற்ற இடத்தின் எடைச் சீட்டும் ஏறிய பின்னரே எரிய வேண்டும். இரண்டு எடைகளுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேட்க வேண்டும். மழையில் நனைந்த தார்ப்பாய் சில நூறு கிலோ கூட்டலாம். ஒரு டன் குறைந்தால் அதற்கு மழை காரணமாக இருக்காது. இணையவழியில் மேனிபெஸ்ட் பதியும் முறை வந்துவிட்ட போதிலும், கையெழுத்திட்ட காகிதங்களை ஆய்வின்போது காட்டும்படி ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருப்பது நல்லது. அவசர நேரத்தில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் ஒன்பதாம் படிவத்து அட்டையையும் ஓட்டுநரிடம் கொடுத்ததாகப் பதியுங்கள். அவர் படிக்கும் மொழியில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையின் இணையவழி அளவி காட்டும் சி.ஓ.டி. எண்ணும் (நீரிலுள்ள மாசைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) ஆய்வக எண்ணும் ஒத்துப்போவதில்லை. வாரியத்துக்குப் போகும் முன் மென்பொருளில் சராசரி எடுத்துச் சீராக்கி அனுப்பலாமா? — பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: கூடாது. நீங்கள் கேட்பதற்குச் சீராக்குதல் என்ற பெயர் பொருந்தாது. அது எண்ணைத் திரிப்பது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் இட்ட உத்தரவின்படி, மிகுந்த மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழி அளவிகளைப் பொருத்த வேண்டும். தோல் பதனிடுதல் அந்தப் பதினேழில் ஒன்று. அளவியிலிருந்து எழும் எண் எவர் கையும் படாமல் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். உங்கள் மைய மென்பொருள் அந்தப் பாதையின் நடுவில் உட்காரவே கூடாது. அளவியிலிருந்து ஒரு கிளை வாரியத்துக்கும் இன்னொரு கிளை உங்களுக்கும் வருவதே முறையான அமைப்பு. இடையில் உட்கார்ந்து எண்ணைத் திருத்தித் தருவோம் என்று குறிப்பாகச் சொல்லும் விற்பனையாளர் இருந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எண் மாறுபடுவதற்கு நேர்மையான காரணங்கள் இருக்கின்றன. ஒளியால் அளக்கும் கருவிகள் சி.ஓ.டி.யை நேரடியாக அளப்பதில்லை. நீர் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதிலிருந்து கணித்துச் சொல்கின்றன. தோல் கழிவுநீரின் நிறமும் கலங்கலும் அந்தக் கணிப்பைக் குழப்பும். கண்ணாடிச் சாளரத்தில் படியும் கொழுப்புப் படலமும் அவ்வாறே செய்யும். ஆய்வகத்திலும் பிழை நேரும்: குளோரைடு மிகுந்த நீரில் அதற்குரிய மெர்க்குரிக் சல்பேட்டைப் போதுமான அளவு சேர்க்காவிட்டால் சி.ஓ.டி. கூடுதலாகக் காட்டும், நம் பக்கத்து நீரிலோ குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே நீர் மாதிரியை ஒரே நேரத்தில் இரண்டிலும் அளந்து, வேறுபாட்டை மாதம்தோறும் பதிந்து, கருவி நிறுவனத்தைக் கொண்டு உங்கள் ஆலையின் நீருக்கே அளவுதிருத்தம் செய்யுங்கள். கண்ணாடியைத் துடைத்த நேரம், அளவுதிருத்தம் செய்த நேரம், மின்சாரம் போன நேரம் ஆகியவற்றை மென்பொருளில் தனிப் பதிவாக வையுங்கள். எண் திடீரென ஏறியதற்கு அந்தப் பதிவைக் காட்டினால் பெரும்பாலான விசாரணைகள் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். குழாயில் விட்ட பிறகு பொறுப்பு அவர்களுடையதுதானே? — ஜே. ஏ., பேரணாம்பட்டு

பதில்: இல்லை. ரானிடெக், விஷ்டெக், ஆம்பூர்டெக், வாணிடெக் போன்ற பொது நிலையங்கள் நீரைத்தான் ஏற்கின்றன. அதுவும் குறிப்பிட்ட தரத்துக்கு உட்பட்டு. குரோம் டிரம்மிலிருந்து வரும் நீரைத் தனியே பிரித்து, மெக்னீசியம் ஆக்சைடால் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்துவது உறுப்பினரின் வேலை. வாங்கிய குரோம் உப்பு, மீட்ட குரோம், செலவான குரோம் ஆகிய மூன்றையும் மென்பொருளில் எதிரெதிரே வைத்தால், எவ்வளவு குழாயில் போகிறது என்பது தெரிந்துவிடும். அது பணமும்கூட.

பொது நிலையத்தின் நிர்வாகக் கூட்டத்துக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: கசடுத் தொட்டியின் கொள்ளளவு என்ன, இன்று எவ்வளவு நிரம்பியிருக்கிறது? 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். தொட்டியின் நீர்மட்டத்தை ஓர் உணரி மூலம் மென்பொருளில் காட்டுவது இன்று எளிய வேலை. எச்சரிக்கை வந்தால் இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்து போவார், அவருக்கு அதற்கான அதிகாரம் உண்டா என்று தீர்மானிப்பதுதான் கடினம்; அதை மென்பொருள் ஒப்பந்தத்தில் எழுத முடியாது, நிர்வாகக் குழுத் தீர்மானத்தில்தான் எழுத வேண்டும்.

கேள்வி: காட்பாடி பக்கம் சிறிய எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கும் இப்படிப்பட்ட மென்பொருள் தேவையா? — ஆர். பி.

பதில்: தேவையில்லை. அபாயகரமான கழிவுப் பதிவேட்டுக்கான மூன்றாம் படிவத்தின் தலைப்புகளை வைத்து ஓர் எக்செல் தாள், மேனிபெஸ்ட் கோப்பு ஒன்று, இசைவாணையின் நிபந்தனைகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டிய சுவர்: இவை போதும். ஆனால் உங்களைப் போன்ற பட்டறைகளில் கசடை ஒழுங்காக அனுப்புகிறவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் இரண்டு. ரசாயனம் வந்த காலி டிரம்களையும் கேன்களையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். அபாயகரமான பொருள் ஒட்டிய காலிக் கலன்கள் 2016ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையில் 33.1 என்ற எண்ணில் இடம்பெற்ற அபாயகரமான கழிவு. குரோமிக் அமிலம் வந்த டிரம் எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியாக மாறுவது இப்படித்தான். ஜெனரேட்டரிலிருந்து இறக்கும் பழைய எண்ணெயும் 5.1 என்ற எண்ணில் அதே அட்டவணையில் இருக்கிறது; அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே கொடுக்கலாம். எத்தனை டிரம் வந்தது, எத்தனை போனது என்று எண்ணிக்கை வையுங்கள்.

கேள்வி: நான் விவசாயி. பாலாற்றுப் படுகையில் எங்கள் கிணறு உப்பாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று. ஆலைகள் என்ன மென்பொருள் வாங்கினாலும் அதில் உள்ளதை எங்களுக்குக் காட்டுவார்களா? — ஒரு வாசகர், வாலாஜாபேட்டை வட்டம்

பதில்: ஆலையின் மென்பொருள் அவர்களுடைய சொந்தச் சொத்து, அதைத் திறந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதில் இருக்கும் எண்களில் முக்கியமானவற்றைப் பார்க்க உங்களுக்கு ஏற்கெனவே வேறு வாயில்கள் இருக்கின்றன; அவற்றைத் தட்டுகிறவர்கள்தான் குறைவு.

முதல் வாயில் ஆலையின் வாசலிலேயே இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்களின் அளவும் தன்மையும், வெளியேறும் நீர் மற்றும் காற்றின் விவரமும், உண்டாகும் அபாயகரமான கழிவும் முதன்மை வாயிலுக்கு வெளியே பலகையில் காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபர் 14 அன்று உத்தரவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கத்து ஆலையின் பலகையைப் போய்ப் பாருங்கள். தேதி எப்போதையது, எண்கள் நாளுக்கு நாள் மாறுகின்றனவா, அல்லது பெயின்டில் எழுதி வைத்து வெயிலில் வெளுத்துப் போனவையா என்பதே பாதிக் கதையைச் சொல்லும். இரண்டாவது, நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு: இசைவாணைகளின் நிபந்தனைகளைக் கொண்ட பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும், அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்வையிடலாம் என்கிறது. மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: நான்காம் படிவ ஆண்டு அறிக்கையையும் இணையவழி அளவி வாரியத்துக்கு அனுப்பிய எண்களையும் ஆலையின் பெயரும் ஆண்டும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாக மாசு பற்றிய விவரம் என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

எண் கிடைத்தால் படிக்க ஓர் அளவு வேண்டும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமையும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. ஆனால் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை உள்ள ஆலைக்கு அந்த வரம்பும் பொருந்தாது. அங்கே வெளியேறுவது எவ்வளவு நல்ல நீராக இருந்தாலும் விதிமீறலே.

உங்கள் கேள்வியின் பின்னால் நிற்கும் கசப்பும் புரிகிறது. அன்று வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த இப்பகுதியின் தோல் ஆலைகள் தொடர்பாகத்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்தியது; ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதமும் விதித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் கடந்தவை 28 ஆண்டுகள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து நின்றதும் இதே காலத்தில்தான். அந்தக் கழிவு உண்டான நாள்களில் எங்கே எவ்வளவு கொட்டப்பட்டது என்று யாரும் முறையாக எழுதி வைத்திருந்தால், இன்று அதை அகற்றும் செலவை யார் தலையில் கட்டுவது என்ற வாதம் இவ்வளவு நீண்டிருக்காது.

உங்கள் கிணற்று நீரை ஆண்டுக்கு இரு முறை, கோடையில் ஒன்றும் மழை முடிந்த பின் ஒன்றுமாக, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, கரைந்த உப்புகள், குளோரைடு, குரோமியம் ஆகிய மூன்றையும் அளந்து, அறிக்கைகளை நாள்வாரியாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள். மாதிரி எடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சி உறுப்பினரோ சாட்சியாக இருந்து கையெழுத்திடட்டும். இழப்பீடு கேட்கும் இடத்தில் ஆலை தன் கணக்கைக் கொண்டு வரும்; உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.